வீடு மாறி விசாரித்த துக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத ஒரு மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். சும்மா கண் கலங்கியது இல்லை... மூக்கை உறிஞ்சி, முதுகைத் தட்டி, முறைப்படி அழுத அழுகை. அவரும் அழுதார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. நான் யார் என்று அவருக்கும் தெரியாது.

குடித்திருந்தேனா? இல்லை. காலையில் நாலு இட்லி, ஒரு காபி. அவ்வளவுதான்.

நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் வீட்டம்மா ஏற்கெனவே தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் சொல்லும் வெர்ஷனில் நான் இன்னும் மோசமாக இருக்கிறேன். என் வாயால் வருவதே எனக்கு நல்லது.

ஐம்பதைத் தாண்டிய ஆம்பளைக்குப் புதிதாக என்ன கிடைக்கும்? பிரஷர் கிடைக்கும். கண்ணாடி கிடைக்கும். முழங்காலில் ஏதோ ஒரு சத்தம் கிடைக்கும். புது நண்பன் மட்டும் கிடைக்க மாட்டான். இருக்கிற நண்பர்களே மகன் கல்யாணம், மகள் பிரசவம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிற வயது இது.

எனக்குக் கிடைத்தார். பெயர் சென்னியப்பன். தாராபுரம் பக்கத்துக்காரர். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் அதிகாரி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி, மனைவியோடு எங்கள் எதிர்வீட்டு மாடிக்குக் குடி வந்தார்.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் அறிமுகம் சண்டையில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். அவர் வீட்டு கேட்டை மறித்து என் காரை நிறுத்தியிருந்தேன். காலிங் பெல் அடித்தது. தப்பு என்மேல் என்று தெரிந்தால் எனக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். உயர்ந்த குரலோடு கதவைத் திறந்தேன்.

“ஏனுங்க... வண்டிய ஒரு அடி முன்னால தள்ளிப் போட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க. அவசரமில்லீங்க. காபி குடிச்சிட்டு வந்தே எடுங்க” என்றார்.

இத்தனை ‘ங்க’ போட்டுப் பேசுகிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். பேச ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நிறுத்தவே இல்லை.

பேசியது நான். அவர் கேட்பார். நடுநடுவே “அப்புறமுங்க?” என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன மயக்கம் என்று பேசிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். என் வீட்டில் நான் வாயைத் திறந்தால் வருவது “சரி, விஷயத்துக்கு வாங்க” என்பதுதான். ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் நான் பேச ஆரம்பித்தால் எல்லோருக்கும் பேப்பர் திருத்தும் ஞாபகம் வரும். சென்னியப்பன் மட்டும் சாயங்கால நடையில், எங்கள் தெருமுனையிலிருந்து மலைக்கோட்டை அடிவாரம் வரை, “அப்புறமுங்க?” என்று கேட்டுக்கொண்டே வருவார். நான் திண்டுக்கல்லின் வரலாறு, பூகோளம், பிரியாணி, என் பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போவேன்.

இரண்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நடந்துகொண்டிருந்தபோது அவராக வாயைத் திறந்தார். “சார், ராய்ப்பூருக்கு மாத்திட்டாங்க.”

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடடே, நல்ல ஊராச்சே!”

ராய்ப்பூரை நான் பார்த்தது கிடையாது. மேப்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு அடிவாரம் போய்த் திரும்புகிற வரை ராய்ப்பூரின் சீதோஷ்ணம் பற்றி அவருக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். “அப்படீங்களா... அப்புறமுங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘நீங்க போறது எனக்குப் பிடிக்கல.’ அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறவன் நான். வாராவாரம் இந்தப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் கண்டதையும் எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கிறவன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை இதையெல்லாம் எப்படிச் சொல்வது? காலேஜ் வயதில் கட்டிப் பிடித்துச் சொல்லிவிடலாம். தொப்பை வந்த பிறகு எப்படிச் சொல்வது?

சொல்லத் தெரியாத ஆண்கள் வழக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். டிரிப் போட்டேன்.

“கிளம்புறதுக்கு முன்னால ஒரு நாள் நம்ம கார்ல சுத்துவோம் சார். டவுனத் தவிர நீங்க ஒண்ணும் பாக்கல” என்றேன். “எங்கன்னாலும் சரிங்க” என்றார். காரில் ஒரு வசதி இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ததோடு நின்றிருக்கலாம். என் புத்தி நிற்குமா? என்னோடு வேலை பார்க்கும் பாலமுருகனின் அப்பா அந்த வாரம்தான் தவறியிருந்தார். சாவுக்கு நான் போகவில்லை. பிறகு போய் விசாரித்துவிட்டு வரும் கடமை பாக்கி இருந்தது. எங்கள் பக்கம் அதைக் கேதம் கேட்பது என்போம். ஊர், ரெட்டியார்சத்திரம் தாண்டி உள்ளே. எப்படியும் அந்தப் பக்கம்தானே போகிறோம்... ஒரே பெட்ரோலில் இரண்டு வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஊர விட்டுப் போற மனுசன எழவு வீட்டுக்கா கூட்டிட்டுப் போவீக? ஒங்களுக்கெல்லாம் ஒரு ஃப்ரெண்டு கெடச்சதே பெருசு.”

ஞாயிறு காலை கிளம்பினோம். முதலில் தாடிக்கொம்பு, அகரம் பக்கம். ரெட்டியார்சத்திரத்துக்குச் சம்பந்தமே இல்லாத திசை. அங்கே ஒரு தென்னந்தோப்புக்குள்ளே குறுக்கு ரோடு போகிறது, அழகாக இருக்கும், காட்டுகிறேன் என்று கூட்டிப் போனேன். ரோடு இருந்தது. போய் ஒரு பம்பு செட்டில் முடிந்தது. அங்கே குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு நின்று எங்களைப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம். ரிவர்ஸ் எடுத்தேன்.

“மேப் போட்டுக்கலாமுங்களா சார்?” என்றார் சென்னியப்பன்.

“சொந்த மாவட்டத்துல மேப் போட்டு வண்டி ஓட்டுனா கேவலம் சார்” என்றேன். இந்த வீராப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டவுனைச் சுற்றிக்கொண்டு பழனி ரோட்டுக்கு வந்தோம். இரண்டு பக்கமும் பச்சை. ஏசி வேலை செய்யாததால் ஜன்னல் திறந்திருந்தது. நல்ல காற்று. சொல்வதற்கு இதைவிடத் தோதான நேரம் வாய்க்காது. தொண்டையைக் கனைத்தேன்.

“சென்னியப்பன் சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க சார்.”

“வந்து... இந்தப் பக்கம் மண்ணுக்குச் சம்பங்கி நல்லா வரும்.”

“அப்படீங்களா. அப்புறமுங்க?”

அப்புறம் என்ன? சம்பங்கியிலிருந்து மல்லிக்கு வந்து, மல்லியிலிருந்து பூ மார்க்கெட்டுக்கு வந்து, அங்கிருந்து எப்படியோ அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன். சந்தை கூடுவது வியாழக்கிழமை. நாங்கள் போனது ஞாயிறு. அய்யலூர் இருப்பதோ வேறு திசையில். ஆனாலும் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பல்லைப் பார்த்து எப்படி வயது சொல்வது என்று விளக்கினேன். நான் இதுவரை ஒரு ஆட்டின் வாயைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

ஊருக்குள் திரும்பும் முன் அவரைத் தயார் செய்ய வேண்டும் என்று தோன்றியது. இழவு வீட்டு நடைமுறை பற்றி அடுத்த வகுப்பை ஆரம்பித்தேன். வணக்கம் சொல்லக் கூடாது. வாங்க என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினால், உட்கார்ந்திருக்கிறவர்கள் தொடுவார்கள். பேசாமல் போய் உட்கார வேண்டும். எழுந்து வரும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லவே கூடாது. அப்படியே கிளம்பிவிட வேண்டும். தகப்பனுக்கு என்றால் மூத்த மகன் மொட்டை போட்டிருப்பார், மீசையையும் எடுத்திருப்பார், பார்த்ததும் பதறக் கூடாது...

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்க பக்கமும் கிட்டத்தட்ட அப்படித்தானுங்க” என்றார்.

ஊர் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஏன் என்று உங்களுக்கே போகப் போகப் புரியும். குழாயடியில் நின்ற ஒரு அம்மாவிடம், “ஏம்மா, கேதம் நடந்த வீடு எது?” என்றேன். “அந்தா, பந்தல் தெரியுதுல்ல” என்று கை காட்டினார். பந்தல் தெரிந்தது. அதற்கு அடுத்த தெருவிலும் ஒரு பந்தல் இருந்ததும், அந்த அம்மா காட்டியது அதைத்தான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

சிறிய ஓட்டு வீடு. முன்னால் சாமியானா. பிளாஸ்டிக் சேர்கள் நிறைய, உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர். நடுவில் மொட்டைத் தலையோடு, மீசை எடுத்த முகத்தோடு, தோளில் ஒரு வெள்ளைத் துண்டோடு பாலமுருகன்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. ஸ்டாஃப் ரூமில் என் எதிர் சீட்காரர் பாலமுருகன். ஆனால் அவர் முகம் எனக்கு எப்போதுமே மீசையாகத்தான் பதிந்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட மீசை. அந்த மீசையை எடுத்துவிட்டால் அவர் எப்படி இருப்பார் என்று நான் யோசித்ததே இல்லை. காரை விட்டு இறங்கும்போது வியர்வைக்குக் கழற்றிய என் கண்ணாடி வேறு சட்டைப் பையில் இருந்தது. மீசை இல்லாத, மொட்டை போட்ட, நாற்பது வயதுள்ள எந்த மனிதரைக் காட்டியிருந்தாலும் பாலமுருகன் என்றே நான் கட்டிப் பிடித்திருப்பேன்.

கட்டிப் பிடித்தேன். கையை நீட்டினேன், அவர் தொட்டார். மீசை போன அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. பேசக் கூடாது என்று வகுப்பெடுத்தவன் நானே காதோரம் குனிந்து பேசினேன். “மனசத் தளர விடாதீங்க. ஸ்கூலப் பத்திக் கவலையே வேண்டாம். எட்டாம் வகுப்ப நான் பாத்துக்கிறேன்.”

அவ்வளவுதான். அந்த மனிதர் உடைந்துவிட்டார். என் தோளில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். பின்னால் சென்னியப்பன் அமைதியாக எல்லோர் கையையும் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

நானும் உட்கார்ந்தேன். யாரும் பேசவில்லை. அது வழக்கம்தானே. போட்டோவுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. போட்டோவில் இருந்த பெரியவர் என்னையே முறைத்துப் பார்த்தார்.

செத்த நேரம் கழித்து அந்த மொட்டைத் தலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். “எட்டாம் வகுப்புன்னீக... எம்மக ஏழாவதுதான் படிக்குது. நீங்க எந்த ஊருய்யா? எங்கய்யாவுக்கு எப்படிப் பழக்கம்?”

குரல் பாலமுருகனுடையது இல்லை.

கண்ணாடியை எடுத்து மாட்டினேன். முகமும் பாலமுருகனுடையது இல்லை.

முதலில் தோன்றியது, சொல்லாமல் எழுந்து போய்விடலாமே என்பதுதான். நம் ஊர் வழக்கம் கொடுத்த வசதி அல்லவா அது? இழவு வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எழுந்தேவிட்டேன். சென்னியப்பன் என் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அந்தச் சாதுவான மனிதருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“எங்களுக்குப் பழக்கமில்லீங்க. நாங்க வேற வீட்டுக்கு வந்தவங்க. வீடு மாறிடுச்சுங்க” என்றார் அவரிடம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காலியாகக் கிடந்த சேர்களைப் பார்த்தார். “அடுத்த தெருவுக்கு வந்தீகளாக்கும். அங்க போற காரெல்லாம் இந்த வழியாத்தேன் போகுது. ஒரு கார்கூட நிக்கல” என்றார். ஒரு காலிச் சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார், “மாறியாச்சும் வந்தீகளே.”

அவர் பெயர் தங்கராசு. ஒரே மகன். அப்பாவும் பாலமுருகனின் அப்பாவும் ஒரே நாளில் தவறியிருக்கிறார்கள். பாலமுருகனுடையது ஊரில் பெரிய குடும்பம், கூட்டம் அங்கே போய்விட்டது. இவருடைய அப்பாவோ ஊரில் பாதிப் பேரோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்.

இப்போதாவது மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். சென்னியப்பன் சேரைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்பா எப்படி இருப்பாருங்க?” என்றார்.

தங்கராசு பேச ஆரம்பித்தார்.

“எங்கய்யா வாயி இருக்கே, அதாலேயே ஊரப் பகைச்சுக்கிட்டாரு. கெணத்துத் தண்ணி மொறைக்குச் சண்ட. வரப்புக்குச் சண்ட. ஒரு தடவ டவுன் பஸ்ஸு இங்க நிக்காமப் போச்சுன்னு, மறுநா நடு ரோட்டுல துண்ட விரிச்சு உக்காந்துக்கிட்டாரு. டிரைவரு ஆரன் அடிக்கிறான், ஊரே வேடிக்க பாக்குது. எந்திரிக்கலயே மனுசன். அன்னையிலருந்துதேன் இங்க பஸ்ஸு நிக்குது.”

“அப்புறமுங்க?”

“அப்புறமென்ன... இன்னைக்கு அந்த ஸ்டாப்புல எறங்கித்தேன் அம்புட்டுப் பேரும் அந்த வீட்டுக் கேதத்துக்குப் போறாக.”

சொல்லிவிட்டுத் தங்கராசு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அவர் மனைவி வாசல் பக்கம் வந்து நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமன் முறைக்காரர் ஒருவர் தன் பங்குக்கு ஒரு சண்டையைச் சொன்னார். டீ வந்தது. போட்டோவில் முறைத்துக்கொண்டிருந்த பெரியவர் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப்போனார்.

ஒரு கட்டத்தில் தங்கராசு கேட்டார், “ஒங்க அய்யா இருக்காரா?”

கேட்டது சென்னியப்பனை.

“இல்லீங்க. போயி ஏழெட்டு வருஷமாச்சுங்க. அப்ப நான் குவாஹாத்தியில இருந்தேன். வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு, பந்தலப் பிரிச்சுட்டு இருந்தாங்க. வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. ஒருத்தரு கையக்கூட நான் தொடலீங்க.”

என் கையில் டீ டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் தாராபுரம் கிளம்பும்போது நான் கேட்டில் நின்று ஒன்று சொல்வேன். “அப்பாவ ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க சார்.” நல்ல பழக்கமாம் எனக்கு. அவரும் ஒவ்வொரு தடவையும், “சொல்றேனுங்க” என்பார்.

அவருக்கு என் பிரஷர் மாத்திரையின் பெயர் தெரியும். அது வெள்ளை நிறமா மஞ்சள் நிறமா என்பதுகூடத் தெரியும். எனக்கு அவர் அப்பா உயிரோடு இல்லை என்பது தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும்? நான்தான் சம்பங்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனே.

தங்கராசு எழுந்து வந்தார். சென்னியப்பனுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினார். சென்னியப்பன் அந்தக் கைகளுக்குள் தன் கையை வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. நான் பந்தல் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொல்லாமல் கிளம்பினோம்.

பாலமுருகன் வீட்டுக்குப் போனோமா? போனோம். அங்கே உட்கார சேர் இல்லை. பாலமுருகன் எதிரே வந்தார், முழு மீசையோடு. மொட்டை அடித்திருந்தது அவருடைய அண்ணன். மூத்த மகன்தான் மொட்டை போடுவார் என்று காரில் சொன்ன மேதை, பாலமுருகன் மூத்தவரா இளையவரா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கையைத் தொட்டோம், ஓரமாக நின்றோம், வந்துவிட்டோம். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திங்கட்கிழமை அவருடைய லீவு லெட்டரைக் கொடுக்க ஸ்கூலுக்கு வந்த சித்தப்பா மகன் என்னிடம் கேட்டான். “சார், எங்க பகையாளி வீட்டுல ஒங்க கார் அம்புட்டு நேரம் நின்னுச்சாமே?” வீடு மாறிப் போய்விட்டேன் என்றேன். “மாறிப் போனா ஒடனே வந்துற மாட்டீகளா?” என்றான். லீவு முடிந்து வந்த பாலமுருகனும் என்னிடம் இன்னும் முழுசாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அது தனிக் கதை.

திரும்பும் வழிக்கு வருகிறேன். காரில் நான் பேசவில்லை. மலைப்பக்கம் மேகம் கூடியிருந்தது, சொல்லவில்லை. ரோட்டோரம் முருங்கை காய்த்துத் தொங்கியது, அதைப் பற்றியும் ஒரு தகவல் கொடுக்கவில்லை. சென்னியப்பனே இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார், உடம்புக்கு ஏதாவதா என்கிற மாதிரி.

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் கேட்டேன். “ராய்ப்பூர்ல தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?”

ஒன்றரை வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

“யாருமில்லீங்க” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “பயமாத்தானுங்க இருக்கு” என்றார்.

“அப்புறம்?” என்றேன்.

பேச ஆரம்பித்தார். அவருக்கு அத்தனை பேச்சு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இந்தி சுமாராகத்தான் வருமாம். ஒவ்வொரு ஊரிலும் கேஸ் கனெக்‌ஷன் மாற்றி, ரேஷன் கார்டு அட்ரஸ் மாற்றி, பால்காரரைப் பிடித்து, நாலு முகம் பழகும்போது ஆர்டர் வந்துவிடுமாம். இந்தத் தடவை பாத்திரங்களை மூட்டை கட்டும்போது அவர் மனைவி அழுதாராம். “வயசாச்சுங்க சார். மறுபடி யாருக்கு நம்மளப் பத்தி முதல்ல இருந்து சொல்றது, சொல்லுங்க” என்றார். எனக்கே இன்னும் சொல்லவில்லையே ஐயா நீர் என்று நினைத்துக்கொண்டேன். நான் விட்டால்தானே.

முன்னால் ஒரு வைக்கோல் லாரி போய்க்கொண்டிருந்தது. ஓவர்டேக் பண்ணாமல் அதன் பின்னாலேயே போனேன். அந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“நீங்க போறது எனக்குப் பிடிக்கல சார். நீங்க போயிட்டா எனக்கு ஆள் இல்ல.”

இரண்டாவது வாக்கியம் நான் தயார் செய்து வைத்ததில்லை. அதுவாக வந்துவிட்டது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லாரி ஒரு கிளை ரோட்டில் இறங்கிப் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

“ஏனுங்க சார்... இதப் போன மாசமே சொல்லியிருந்தீங்கன்னா நின்னிருப்பனுங்களே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். டவுன் வந்துவிட்டது. அவர் வீட்டு கேட்டை மறிக்காமல் காரை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் லாரி வந்தது, சாமான் ஏற்றினார்கள். நானும் உதவி செய்தேன். ஒரு டியூப் லைட்டையும் அவர் மனைவியின் ஊறுகாய் ஜாடியையும் உடைத்தேன். அவர்கள் ரயில் ஏறினார்கள். மலைக்கோட்டை அடிவாரத்துக்கு இப்போது தனியாகத்தான் நடக்கிறேன். பேசுவதற்கு விஷயம் கிடக்கிறது... ஆள்தான் இல்லை.

அந்த ‘நின்னிருப்பனுங்களே’ மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தமாஷா, நிஜமா? பழைய நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். போன ஞாயிறு போன் போட்டேன். ராய்ப்பூரில் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி, பக்கத்து வீட்டில் யார் என்று வரிசையாகக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரிசாக்காரராம், சிரிப்பாராம், மொழிதான் தடையாம். கடைசியில் அதையும் கேட்டேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“நிஜந்தானுங்க சார். குடும்பக் காரணம்னு எழுதிக் குடுத்தா ஒரு வருஷம் நிறுத்தி வைப்பாங்க. எழுதலாமான்னு யோசிச்சேன். இங்க இருந்து என்ன பண்ணப் போறோம்னு வீட்டுல கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. நீங்க வேற, நல்ல ஊருன்னு சொல்லிட்டீங்க.”

போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தப் பாவி வாயை என்ன செய்வது? எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறது. பேச வேண்டிய அன்றைக்கு ‘நல்ல ஊராச்சே’ என்றிருக்கிறது.

அவரே சமாதானம் சொன்னார். “விடுங்க சார். ரிட்டயர் ஆனா எப்படியும் எங்கயாச்சும் ஒரு ஊர்ல உக்காரணும். தாராபுரத்துல இப்ப பூட்டுன வீடுதானுங்க இருக்கு, ஆளு யாரு இருக்காங்க? எங்க வேணும்னு நீங்க கொஞ்சம் முன்னாலயே சொல்லி வெச்சீங்கன்னா நல்லாருக்குமுங்க.”

திண்டுக்கல்தான் என்று இங்கேயே சொல்லிவிட்டேன் சார். நீங்கள் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர் ஆயிற்றே.